நோயா, காயமா

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெனிட்டா தலையை ஆட்டினாள். ஆரம்பிக்கிறேன் என்று அர்த்தம். மங்கையர்க்கரசி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த பொத்தானைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். வலது காதைச் சோதித்து முடித்தாயிற்று. அது எப்போதும்போல முதல் பெஞ்சுப் பிள்ளையாக எல்லாச் சத்தத்துக்கும் கை தூக்கிவிட்டது. இனி இடது. "நல்ல காதுக்குள்ள மழை பெய்யிற மாதிரி ஒரு இரைச்சல் விடுவேன் மேடம். இல்லன்னா அது இந்தக் காதுக்கும் சேத்துப் பதில் சொல்லிரும்" என்று கதவைச் சாத்துவதற்கு முன்னால் பெனிட்டா சொல்லியிருந்தாள். மழை தொடங்கியது. தகரக் கூரையில் விழுகிற மழை, விடாமல், ஒரே சீராக. இடது பக்கம் ஒன்றுமில்லை. வந்திருக்குமோ, இப்போது வந்த அந்தச் சின்னக் கீச் சத்தம் நிஜமா, மனசுக்குள்ளேயா, அமுக்கிவிடலாமா, ஒரு தடவை அமுக்கினால் அந்தப் பெண் கொஞ்சம் சந்தோஷப்படுவாள். சின்ன வயசு, ரொம்ப நேரமாகக் கண்ணாடி வழியாக இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருபத்து நாலு வருஷமாக இப்படித்தானே பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று மங்கையர்க்கரசிக்குத் தோன்றியது. இடப்பக்கம் யாராவது பேசினால் சிரித்துத் தலையாட்டுவது. அவர்கள் சிரித்தால் கூடச் சிரிப்பது, முகம் சுருங்கினால் சுருக்குவது. கல்யாணத்தன்று மேளச் சத்தத்துக்கு நடுவில், தாலி கட்டிய கையோடு அவர் குனிந்து இடது காதில் என்னமோ சொன்னார். இவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. நாலு வருஷம் கழித்துக் கேட்டதற்கு, "என்னமோ சொல்லியிருப்பேன், இப்ப என்ன அதுக்கு" என்றார். கோர்ட்டில் சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்கிற வேலையில் பதினாறு வருஷம் ஓட்டியவள் அவள். யார் யாரோ சத்தியம் செய்துவிட்டுச் சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் அடித்தவள். ஒரு பொத்தானை அமுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு இவ்வளவு பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அமுக்கவில்லை. மழை நின்றது. பெனிட்டா கதவைத் திறந்தபோது மங்கையர்க்கரசி தானே முந்திக்கொண்டு சொன்னாள், "ஒண்ணுமே கேக்கல."

காதில் மாட்டப்போகிற மெஷினில் கம்ப்யூட்டர் வழியாக அளவு ஏற்ற இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். வெளியே நாற்காலி வரிசையில் அண்ணன் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார், இவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. சிமெண்ட் கடைக்காரர், நாலு ஊருக்குத் தெரிந்த மனுஷர், தங்கச்சியின் சிவப்புக் கைப்பையைக் கூச்சமில்லாமல் மடியில் வைத்திருக்கிறார். அவள் வந்து உட்கார்ந்ததும் எழுந்து சுற்றிக்கொண்டு வந்து அவளுடைய வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போதும் இப்படித்தான். தெருவில் நடந்தாலும் பந்தியில் உட்கார்ந்தாலும் அண்ணனுக்கு வலப்பக்கம்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் புருஷனுக்கு இன்னும் அது பழகவில்லை, பெற்ற மகளுக்கே அடிக்கடி மறந்துபோகிறது. அண்ணன் ஒருநாள்கூட மறந்ததில்லை. பாசம்தான், வேறென்ன. வேறென்னவாகவும் இருக்கலாம். "டீ சொல்லட்டா பாப்பா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினாள். போன மாசம் கோர்ட்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள், சாட்சிக் கூண்டு இவளுக்கு இடப்பக்கம் போய்விட்டது. ஒரு வயசானவர் கூண்டில் நின்று, "அவரு தள்ளலைங்க" என்றார். இவள் "தள்ளினாருங்க" என்று அடித்துவிட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் வாசித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார், அந்தப் பெரியவர் திகைத்துப்போய் இவளையே பார்த்தார். நீதிபதி நல்லவர். "அம்மா, கவனம்" என்பதோடு விட்டார். திருத்தி அடித்தாள். ஆனால் அந்த நாளிலிருந்து அடித்த ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை பிசகினால் ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போவான். அதற்குப் பிறகுதான் இந்த மெஷின் யோசனையே வந்தது, அதுவரை ஒரு காது போதும் என்றுதான் இருந்தாள். அண்ணனும் அதைத்தான் சொன்னார், "ஒண்ணு நல்லாத்தான இருக்கு, எதுக்கு ஊருக்குக் காட்டிக்கிட்டு?" பிறகு அவரே காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

காது எப்படிப் போயிற்று என்று யார் கேட்டாலும் வீட்டில் ஒரே பதில்தான். பொன்னுக்கு வீங்கி. பிளஸ் டூ படிக்கிற வருஷம், மாசி மாசத்தில் வந்தது. பொய்யில்லை, வந்தது. இரண்டு தாடையும் வீங்கி, பெரியம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியை இரவல் வாங்கி அம்மா இவள் கழுத்தில் போட்டுவிட்டாள். தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்று. ஒன்பது நாளில் வடிந்தது, சங்கிலி திரும்பிப் போனது. அதே வருஷம் ஆனி மாசத்தில் இன்னொன்று நடந்தது. அண்ணன் போலீஸ் தேர்வுக்குப் போயிருந்தார். இருபத்து மூணு வயசு. ஓடினார், கயிறு ஏறினார், உயரத்தில் அரை இஞ்ச் குறைந்துவிட்டது. மூணு கூட்டாளிகளோடு திரும்பி வந்து குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். இவள் குடத்தோடு நின்றிருந்தாள். "எங்கண்ணனுக்கு அரை இஞ்ச் பாக்கியாம், அடுத்த வருஷம் வளந்து கட்டிருவாரு" என்றாள். கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர்களைவிட அதிகமாகச் சிரித்தது இவள்தான். பதினேழு வயசு, அண்ணன் என்றால் உயிர், வாய் சும்மா இருக்காது. ஈரக் கை. அந்த ஈரம் இப்போதும் கன்னத்தில் இருக்கிறது, வலி மறந்துபோய் ஈரம் மட்டும் நிற்கிறது. அப்புறம் காதுக்குள் ஒரு விசில், பத்துப் பன்னிரண்டு நாள், சாப்பிடும்போதும் விசில், குளிக்கும்போதும் விசில். அது நின்றபோது கூடவே எல்லாம் நின்றுபோயிருந்தது. அடித்த மறுநாள் அண்ணன் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிவந்து பாயில் வைத்துவிட்டுப் போனார். மூணு மாசம் கழித்து டாக்டரிடம் போனபோது அம்மா சொன்னாள், "இவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு சார், அதுல போயிருச்சு." டாக்டர், "ஆமா, அதுல சில பேருக்கு ஒரு காது போகும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினார். இவள் ஸ்டூலில் உட்கார்ந்து டாக்டர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள், பையன் கைநீட்டுகிறவன் என்று பெயர் வரக்கூடாது, பெண்ணுக்குக் காது அடிபட்டுப் போனது என்றும் வரக்கூடாது. நோய் என்றால் யார்மேலும் பழியில்லை. கொஞ்ச வருஷத்தில் அவளுக்கே குழம்பிவிட்டது. ஒருவேளை பொன்னுக்கு வீங்கிதானோ. காது முன்னாலேயே போயிருந்து, அடிபட்ட அன்றைக்குத்தான் நாம் கவனித்தோமோ. ஒரு மனுஷன் மேல் சும்மா பழி போடலாமா. டாக்டரே எழுதியிருக்கிறார், எழுத்தில் இருக்கிறது. கோர்ட்டில் வேலை பார்ப்பவளுக்கு எழுத்தில் இருப்பதை மீறி யோசிப்பது கஷ்டம். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்பாரே, அடி விழுவதற்கு முந்தின நாள் உங்கள் இடது காது நன்றாகக் கேட்டது என்பதற்கு என்ன ஆதாரம், என்று. ஆதாரம் இல்லைங்க ஐயா. கூண்டில் நிற்கிற எத்தனையோ பெண்கள் அப்படிச் சொல்லித் தலைகுனிந்ததை இவளே அடித்திருக்கிறாள்.

"உள்ள வாங்க மேடம்." பெனிட்டா இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒவ்வொன்றை மாட்டினாள், அவரைக்கொட்டை அளவுதான். மெல்லிய கம்பிகள் காதுக்குள் போயின. "கேக்காத பக்கம் இருக்கறது மைக். அந்தப் பக்கத்துச் சத்தத்தை எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பும். இடது காது திரும்ப வராது மேடம், அதை மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எந்தத் திசையிலிருந்து சத்தம் வருதுன்னும் தெரியாது, திரும்பிப் பாத்துத்தான் ஆகணும்." மெஷின் உயிர்பெற்றது. முதலில் ஏசி. அப்புறம் சேலை, சேலைக்கு இவ்வளவு சத்தமா, பருத்திச் சேலை காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. பெனிட்டா இடப்பக்கம் போய், முகம் தெரியாதபடி நின்று, ரொம்ப மெதுவாக, "பேரு சொல்லுங்க" என்றாள். கேட்டது. வலது காதில்தான் கேட்டது, ஆனால் கேட்டது. "மங்கையர்க்கரசி" என்றாள். அவளுடைய குரலே யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலிருந்தது. "முடியை இப்படி இழுத்து விட்டா மறைஞ்சிரும் மேடம், யாருக்கும் தெரியாது" என்று பெனிட்டா கூந்தலை முன்னால் கொண்டுவந்தாள். மங்கையர்க்கரசி அதைத் திரும்பப் பின்னால் தள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை, புழுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். பெனிட்டா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே கேட்டாள், "போன் எந்தக் காதுல வெச்சுப் பேசுவீங்க? அதுக்கு ஒரு செட்டிங் போடணும்." "வலது." "எப்பவுமேவா?" "எப்பவுமே வலதுதான்." சொல்லி முடித்த இடத்தில் நாக்கு நின்றது. எப்பவுமே இல்லை. ஒரு தடவை இடது. எப்போது? எஸ்டிடி பூத். மஞ்சள் பெயிண்ட் அடித்த பலகைக் கூண்டு, உள்ளே ஊதுபத்தி வாசம், ஓடுகிற சிவப்பு எண்கள். பிளஸ் டூ ரிசல்ட். பள்ளிக்கூட ஆபீசுக்கு இவள்தான் போன் போட்டாள், கிளார்க் சார் மார்க்கை வாசித்தார், தமிழ் நூத்தி எழுபத்தொண்ணு, இங்கிலீஷ் நூத்தி நாப்பத்தாறு. வலது கையில் பேனா. உள்ளங்கையில் எழுதினாள், இடது உள்ளங்கையில். அப்படியென்றால் ரிசீவர் எங்கே. கையில் இல்லை, கழுத்தைச் சாய்த்துத் தோளில் இடுக்கியிருந்தாள். எந்தத் தோள். கணக்கு மார்க்கை எழுதும்போது கழுத்து வலித்தது, பூத்துக்காரம்மா கண்ணாடிக் கதவைத் தட்டி நேரமாச்சு என்றார்கள், கதவு வலப்பக்கம், அந்தத் தட்டல் வலது காதில் நேராக விழுந்தது, மார்க்கு மற்றக் காதில் விழுந்தது. இடது தோள். இடது காது. கணக்கு நூத்தி எண்பத்தெட்டு என்று இடது காதுதான் கேட்டது. ஆறு பாடமும் கேட்டது, ஒரு எண்கூடத் தப்பவில்லை, பிறகு வந்த மார்க் ஷீட்டில் அப்படியே இருந்தது. ரிசல்ட் மே மாசம். பொன்னுக்கு வீங்கி மாசியில், சங்கிலி திரும்பிப் போய் மூணு மாசம் ஆகியிருந்தது. குழாயடி அதற்கும் பிறகு, ஆனியில். "மேடம்? தலை சுத்துதா?" என்றாள் பெனிட்டா. "இல்லம்மா," என்றாள் மங்கையர்க்கரசி. "வலதுலயே போட்டுருங்க."

பில் கவுண்டரில் சுகந்தி என்று பேர் அட்டை குத்திய பெண் ஃபைலைப் பிரித்து வைத்திருந்தாள். அண்ணன் வலப்பக்கம் வந்து நின்றார். "போன தடவை அனுப்புனதைக் காப்பீட்டுக் கம்பெனியில திருப்பிட்டாங்க மேடம். வலது காது நல்லா இருக்கே, அதுக்கு எதுக்கு ஒரு மெஷின்னு கேக்கறாங்க. ரெண்டும் சேந்தாத்தான் வேலை செய்யும்னு டாக்டர் லெட்டர் வெச்சுட்டேன். இந்த ஒரு கட்டம் மட்டும் விட்டுப்போச்சு." விரல் வைத்துக் காட்டினாள். செவித்திறன் இழப்புக்குக் காரணம். நோய், காயம், இரண்டு சின்னச் சதுரங்கள், கீழே விவரம் எழுத ஒரு கோடு. "பொன்னுக்கு வீங்கிம்மா, சின்ன வயசுல வந்தது" என்றார் அண்ணன். சுகந்தியின் பேனா முதல் சதுரத்துக்குப் போனது. "இருங்க, நானே எழுதறேன்" என்று மங்கையர்க்கரசி பேப்பரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். காயம் என்ற சதுரத்தில் கோடு போட்டாள். விவரம் என்ற இடத்தில், கோர்ட்டில் எழுதிப் பழகிய கையெழுத்தில், பதினேழாவது வயதில் இடது கன்னத்தில் கையால் அறைந்ததால், என்று எழுதினாள். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள், பிழை இல்லை. சுகந்தி தலைகீழாகவே வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள், "மேடம், காயம்னா எஃப்ஐஆர் காப்பி கேப்பாங்க. இல்லன்னா ஒரு பைசா வராது. நோய்ன்னு போட்டா பாதிக்கு மேல வந்துரும்." குரலைத் தாழ்த்தியும் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "வராட்டிப் போகட்டும். அனுப்புங்க. அவங்க இல்லைன்னு எழுதி அனுப்பட்டும். இதுதான் காரணம்னு எங்கயாவது ஒரு ஃபைல்ல இருக்கட்டும்." அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோட்டின்மேல் இருந்ததை வாசிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. "என்ன பாப்பா இது? பொன்னுக்கு வீங்கிதான? அம்மாவே டாக்டர்ட்ட சொல்லுச்சே." "அம்மா பொய் சொல்லுச்சுண்ணே." "நீயும் அப்படித்தான சொல்லிட்டிருந்த, இத்தனை வருஷமா?" "ஆமா. நானும்தான் சொன்னேன்." "ஒரு அடியில எங்கயாவது காது போகுமா?" "போச்சு." அவருடைய கை கவுண்டர் விளிம்பைப் பிடித்திருந்தது, சிமெண்ட் ஏறி நகக்கண் வெளுத்த கை. "என் பேரை எழுதியிருக்கியா?" "பேர் கேக்கல. கேட்டிருந்தா எழுதியிருப்பேன்." சுகந்தி ஸ்டேப்ளரை எடுத்து ஊசி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார், "இந்தாம்மா, முழுசா இதுல எடுத்துக்க. ஃபாரத்தைக் கிழிச்சிரு, கம்பெனியும் வேணாம் ஒண்ணும் வேணாம்." மங்கையர்க்கரசி அந்தக் கார்டை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவிட்டு, அவர் கக்கத்தில் இருந்த கைப்பையிலிருந்து தன் கார்டை எடுத்தாள். "என் கார்டுல எடுங்க சுகந்தி. பன்னெண்டு மாசமாப் பிரிச்சுப் போட்டுருங்க." பன்னிரண்டு மாசம் என்றால் மகளுக்கு லேப்டாப் அடுத்த வருஷம்தான், அவளிடம் என்ன சொல்வது, நடந்ததைச் சொல்வது, முதலிலிருந்து. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு முழுக்க நான் சோறு திங்கல பாப்பா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விடுங்கண்ணே, போனது போச்சு, என்று. இத்தனை வருஷமாகத் தயாராக இருக்கிற வார்த்தை. அதைச் சொன்னால் அவர் முகம் தெளியும், கார்வரை கூட நடப்பார், வழியில் பழம் வாங்குவார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தால் இருக்கட்டும். அவள் ரகசிய எண்ணை அழுத்தினாள், கார்டு மெஷின் பீப் என்றது, ரசீது கிர்ரென்று வந்தது. "நானும் நல்லாத் தின்னது இல்லண்ணே, அந்த விசில் நிக்கிறவரைக்கும்" என்றாள். அவர் கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, "வண்டியை எடுக்கறேன்" என்று போனார். அவள் வெளியே வந்தபோது கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "நீங்க போங்க. நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றாள். அவர் கார் கதவைச் சாத்தினார்.

பஸ் ஸ்டாண்டுவரை நடந்தாள். உலகத்தில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கரும்பு ஜூஸ் மெஷின், தோசைக்கல், செருப்பு, எவனோ எவனையோ திட்டுவது, எல்லாம் ஒரே காதுக்குள் முட்டி மோதிக்கொண்டு வந்து விழுந்தன. எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். பைக்கில் வந்த ஒருவன், "பாத்துப் போக்கா" என்றான். "பாத்துத்தான்டா போறேன்" என்றாள், தெருவே கேட்கும்படி. பயமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போவதற்குள் அண்ணன் அண்ணிக்குப் போன் செய்திருப்பார், அண்ணி சின்ன அக்காவுக்கு, ராத்திரி சாப்பாட்டுக்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கழித்து எதுக்கு இவளுக்கு இந்த வேலை என்பார்கள். நாளைக்குக் கோர்ட்டில் கூண்டில் ஏறி நிற்கிறவர் என்ன சொல்கிறாரோ அதை அடிப்பாள், அது போதும். பஸ்ஸில் வலப்பக்கத்து ஜன்னல் சீட் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் கத்தரிக்காய்க் கட்டைப்பையோடு ஓர் அம்மா ஏறி, இவளுக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காதோரம் தெரிந்த கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "காதுல என்னம்மா, மெஷினா?" "ஆமா." "இந்த வயசுலயேவா? காய்ச்சலா?" பஸ் சத்தத்தில் எவ்வளவு குரல் போதும் என்று இன்னும் பிடிபடவில்லை. மங்கையர்க்கரசி அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "இல்ல. எங்கண்ணன் அடிச்சதுல போச்சு." ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டாள்போல. முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, டிக்கெட்டுக்குச் சில்லறையை எடுத்து நீட்டினாள்.